அவள் அடுப்படியை நான் பிடுங்கிய கதை

பால் தீய்ந்த வாசனை தெருமுனையிலேயே மூக்கில் ஏறிவிட்டது. யார் வீட்டிலோ என்று நினைத்துக்கொண்டே வந்தால் எங்கள் வீடுதான். பால் பாத்திரம் அடி கறுத்துக் கிடக்கிறது, அதற்கு நாலடி தள்ளி என் மனைவி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். "ஏனுங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்கிறாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. "மூக்கு என்ன அடைச்சுக் கிடக்கா?" என்று கத்தினேன். 2021 ஐப்பசி மாதம் அது. கோபத்தில் கேட்டதுதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று எனக்கு விளங்க ஒன்றரை வருஷம் ஆனது.

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீடு. மூக்கனேரிக் கரையில் நாங்கள் இருவரும் நடக்கிறதைப் பார்த்துப் பழகியவர்கள், அவளுக்கு மறதி நோய் என்கிற விஷயம் தெரிந்தவர்கள், என்னைத் தனியாகப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள்: "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?" அவர்கள் வீட்டிலும் ஒரு மாமியாரோ, அப்பாவோ, வீட்டுக்காரரோ இருப்பார்கள். சாப்பாட்டைச் சொல்லலாம், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அதன் பேரில் நான் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். நடைபாதையில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற கதையில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் 27 வருஷம் சத்துணவு அமைப்பாளர். காலையில் பள்ளிக்கூடம் போய் எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதுமே, அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று வாயாலேயே சொல்லிவிடுவாள், பிறகுதான் நோட்டில் எழுதுவாள். நான் பஸ் கண்டக்டர். சேலம்-ஏற்காடு தடத்தில் மட்டும் 11 வருஷம் ஓடியிருக்கிறேன். கணக்கு எனக்கும் தொழில்தான், ஆனாலும் வீட்டில் அவள் கணக்குக்கு முன்னால் என் கணக்கு நின்றதே இல்லை. அப்படிப்பட்டவள் இரண்டு பேருக்கு வைக்கிற குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். இல்லையென்றால் போடவே மாட்டாள். ரேஷன் கடையில் கொடுத்த ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மீதி எவ்வளவு என்று தெரியாமல் கையை விரித்துக்கொண்டு நின்றாள். வயசானால் மறதி வரத்தானே செய்யும் என்று நான் விட்டுவிட்டேன். பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வந்த மகள்தான், "அப்பா, அம்மா சொன்னதையே சொல்றாங்க, நீங்க கவனிக்கலையா?" என்று கேட்டு, இழுத்துக்கொண்டு போனாள்.

நரம்பு டாக்டரிடம் ஒரு பரீட்சை வைத்தார்கள். முப்பது மதிப்பெண். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள். வட்டம் அழகாகப் போட்டாள். எண்களை எல்லாம் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, முள்ளைப் பத்துக்கும் பதினொன்றுக்கும் நேராக நிறுத்திவிட்டு, "சரிங்களா சார்?" என்று கேட்டாள். மொத்தம் 18 வந்தது. 26 அல்லது அதற்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பார்கள்.

ரத்தப் பரிசோதனை, தைராய்டு, தலைக்கு எம்.ஆர்.ஐ. இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், வீட்டில் யாருக்காவது மறதி என்றால் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்தப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். ஏனென்றால் பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெதுவாகக் கசிந்த ரத்தம், இவை எல்லாமே மறதி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும், சரிசெய்ய முடிகிறவையும்கூட. இவளுக்கு பி12 அடிமட்டத்தில் இருந்தது. சர்க்கரைக்குப் பதினோரு வருஷமாக மெட்ஃபார்மின் போடுகிறாள், அந்த மாத்திரை பி12ஐ உடம்பு உறிஞ்சவிடாமல் குறைத்துவிடுமாம். அதோடு புரட்டாசி, கிருத்திகை, அமாவாசை என்று கறி தொடாத நாளே அதிகம். ஊசி போட்டார்கள். அரிப்புக்கு அவள் வருஷக்கணக்காக ராத்திரியில் போட்டுக்கொண்டிருந்த தூக்க மாத்திரை மாதிரியான ஒரு மாத்திரையையும் நிறுத்தினார்கள், வயசானவர்களுக்கு அது புத்தியை மந்தமாக்குமாம். இரண்டு மாதத்தில் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல்கூட வைத்துவிட்டேன். ஆனால் மறுபடி பரீட்சை வைத்தபோது 20. மூளையில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்திருக்கின்றன, அதோடு அல்சைமர் என்கிற மறதி நோயும் சேர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். மறதிக்கு டொனேபெசில் என்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இனிமே பிரஷர், சர்க்கரை, நடை, தூக்கம், சாப்பாடு, இதெல்லாம் உங்க கையில" என்றும் சொன்னார்.

உங்க கையில என்றாரா, பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே அடுப்படி என் வசமானது. கண்டக்டர் புத்தி, ஃபிரிட்ஜ் கதவில் சார்ட் ஒட்டினேன். காலை ஐந்தரைக்கு வல்லாரைச் சாறு. ஆறு மணிக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. ஊறவைத்த வால்நட் நாலு, பாதாம் ஆறு. அரிசி கிடையாது, சர்க்கரை கிடையாது, வெல்லம் கிடையாது, உப்பு பாதி. வாட்ஸ்அப்பில் எவன் எதை அனுப்பினாலும் அது மறுநாள் சார்ட்டில் ஏறியது. வெல்ல டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் அடுப்பைப் பற்றவைக்க வந்தால், "நீ போய் உட்காரு, நான் பார்த்துக்கறேன்" என்பேன். அக்கறையாகத்தான் சொன்னேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொன்னேன்.

தேங்காய் எண்ணெய் அவள் வயிற்றைக் கெடுத்தது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறியிருந்தது. மறதிக்கு அது மருந்து என்று நிரூபணம் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார், சிரிக்காமல் சொன்னதற்காக அவருக்கு நன்றி. அதைவிட மோசமானது வேறு. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்து ஏதோ உளறுகிறாள். நைட்டி தொப்பலாக நனைந்திருக்கிறது, கை ஜில்லென்று நடுங்குகிறது. நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். ஏதோ தோன்றி மிஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52. சாதத்தை முழுசாக நிறுத்திவிட்டு, சர்க்கரையை இறக்குகிற கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். பூட்டி வைத்த பீரோவின் சாவி கைக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டைத் தட்டி எழுப்பி, சர்க்கரை வாங்கி, மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். கால் மணி நேரத்தில் நிமிர்ந்து, "ஏனுங்க, ஏன் அழுவறீங்க?" என்றாள்.

வயசானவர்களுக்கு, அதுவும் மறதி உள்ளவர்களுக்கு, சர்க்கரையை ரொம்ப இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தாழ்சர்க்கரை மூளைக்கு இன்னும் கெடுதல் என்று அடுத்த நாள் டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். கிளிமிபிரைடை நிறுத்தினார். சாப்பாட்டை மாற்றினால் மாத்திரையும் மாற வேண்டும். இது எந்த வாட்ஸ்அப்பிலும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மகளிடம், நிஜமாகவே நிரூபித்தது ஏதாவது இருந்தால் அனுப்பு என்று கேட்டேன். போனில் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ஃபின்லாந்தில் 60லிருந்து 77 வயதுவரை 1,260 பேரை வைத்து இரண்டு வருஷம் நடத்திய ஆராய்ச்சி, 2015இல் வெளிவந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம் மாதிரியானவற்றைக் கவனிப்பது, எல்லாம் சேர்த்துச் செய்தவர்களுக்கு யோசிக்கிற திறன் கொஞ்சம் நன்றாக இருந்ததாம். கொஞ்சம்தான். அவர்களும் நோய் வந்தவர்கள் இல்லை, வர வாய்ப்புள்ளவர்கள். கீரை, பருப்பு, கொட்டைகள், மீன் என்று மூளைக்காகவே வகுத்த மைண்ட் என்கிற சாப்பாட்டு முறையை அமெரிக்காவில் 604 பேருக்கு மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். அதில், வழக்கமான சாப்பாட்டையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. அந்தச் சாப்பாட்டில் புளூபெர்ரி உண்டு, நாவல்பழம் கிடையாது என்று மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடி மாதம் முழுக்க நாவல்பழம் வாங்கி வாங்கி அவள் நாக்கை ஊதாவாக்கி வைத்திருந்தேன்.

சாப்பாடு வீண் என்று சொல்லவில்லை. சின்ன ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவளுக்குப் பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பது முக்கியம், அதற்குச் சாப்பாடு முக்கியம். ஆனால் போனது திரும்பி வரும் என்று நான் நம்பி நடத்திய ராஜாங்கம் இருக்கிறதே, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது மூக்கு. அவள் சாப்பாட்டைத் தள்ளிவிட ஆரம்பித்திருந்தாள், எடை நாலு கிலோ குறைந்திருந்தது. என் சமையல் சகிக்காது, அது தெரிந்ததுதான். ஆனால் தெருவில் தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டால் எங்கள் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் கேட்டு நிற்பாள், அதிலும் காரச் சட்னி கூடுதலாக. டாக்டரிடம் புகார் மாதிரி சொன்னேன். அவர் ஒரு காபித்தூள் டப்பாவைத் திறந்து, அவள் கண்ணை மூடச்சொல்லி, மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினார். "என்ன வாசனைம்மா?" ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்களே" என்றாள். அல்சைமரில் மறதிக்கு முன்னாலேயே வாசனை போய்விடுவது உண்டாம். வாசனை போனால் ருசியில் பெரும்பகுதி போச்சு. நாக்கில் மிஞ்சுவது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, அதுக்கு மேல காரத்தின் எரிச்சல். அதனால்தான் இவர்களுக்கு இனிப்பு மேலும் உப்பு மேலும் அப்படி ஓர் ஆசை. நான் அந்த இரண்டையும் பிடுங்கிவிட்டு, மிச்சமிருந்த கசப்பைக் காலை ஐந்தரைக்குச் சாறாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சார்ட்டைக் கிழித்தேன். கோபத்தில் கிழிக்கவில்லை, ஒட்டிய பசை ஃபிரிட்ஜில் இன்னும் இருக்கிறது, சுரண்டினாலும் போகவில்லை.

இப்போது புளிச்சகீரைக் கடைசல், தக்காளி ரசம், எலுமிச்சை பிழிந்த பாசிப்பயறு சுண்டல், ஏற்காட்டு மிளகு தாராளமாக. புளிப்பும் காரமும் இருந்தால் உப்பு குறைவது தெரிவதில்லை. நறுக் மொறுக் என்று கடிபட வேண்டும், அது பல்லுக்குத் தெரிகிற ருசி, மூக்கு தேவையில்லை. தட்டுவடை செட் வாரத்துக்கு ஒருமுறை, கேரட்டும் பீட்ரூட்டும் துருவல் கூடுதலாகப் போடச்சொல்லி வாங்குகிறேன். சித்திரை, வைகாசியில் மாம்பழம் வேண்டாம் என்று சேலத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. மல்கோவாவில் இரண்டு கீற்று, சாப்பாட்டோடு இல்லை, சாயங்காலம் நடந்துவிட்டு வந்ததும். அன்றைக்கு ராத்திரி சாதம் ஒரு கரண்டி குறையும். டொனேபெசிலை ராத்திரி கொடுத்தபோது கெட்ட கனவு கண்டு அலறினாள், டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றியதும் அது நின்றது.

காதும் ஒரு விஷயம். வலது காது சரியாகக் கேட்கவில்லை என்பதை மறதி என்று நாங்கள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். மிஷின் வாங்கி மாட்டியதும், அவள் மறந்ததில் பாதி காதிலேயே விழாதது என்று தெரிந்தது. லான்செட் என்கிற மருத்துவ இதழின் குழு 2024இல், டிமென்ஷியா என்கிற புத்தி மங்கும் நோய் வருகிற வாய்ப்பைக் கூட்டும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 விஷயங்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது, அதில் காதுக் குறைபாடும் உண்டு, கண் பார்வையும் உண்டு. தனிமையும் உண்டு.

தனிமை என்று மகள் படித்தபோது கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. நான் அவளோடேயே இருக்கிறேன், இருபத்துநாலு மணி நேரமும். ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து அவளுக்கு வேலை என்று ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளிடம் வருவதே குழம்புக்குப் பக்குவம் கேட்கத்தான், அதுவும் நின்றிருந்தது. அடுப்படியில் நான் நிற்க, அவர்கள் எங்கே வருவார்கள்? அவள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் ஆனால், "வீட்டுக்குப் போலாங்க" என்பாள். இதுதான் வீடு என்று சொல்லிச் சொல்லிச் சண்டை. இந்த நோயில் பொழுது சாய்ந்தால் இப்படிக் கேட்பது உண்டுதான், ஆனாலும் வீட்டுக்குள்ளிருந்த அவளுடைய இடத்தை நான் எடுத்துக்கொண்ட பிறகு அவள் வேறு என்ன கேட்பாள்.

சரி, திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எடுத்தது மாதிரி ஒரே நாளில் முடியவில்லை. "சமையல் பண்ணும்மா" என்றால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள், எதில் தொடங்குவது என்று தெரியாது. அதனால் ஒரு கட்டு சிறுகீரையைக் கொண்டுவந்து, எதுவும் சொல்லாமல், முறத்தில் கொட்டி முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கட்டை அவிழ்த்து, வேரைத் திருகிப் போட்டு, பூச்சி அரித்த இலையை ஒதுக்கி, இளந்தண்டை நகத்தால் கிள்ளி, என்னமாய் ஆய்ந்தாள் தெரியுமா! அந்த நகம் எதையும் மறக்கவில்லை. கடைசியில் ஒரு தண்டை என் பக்கம் நீட்டி, "முத்தலாப் பார்த்து வாங்கியாந்திருக்கீங்க" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னைக் குறை சொன்னது அன்றுதான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக. அடுப்பை நான் பற்றவைப்பேன், அணைப்பேன், காஸ் ரெகுலேட்டர் என் பொறுப்பு. உப்பு டப்பாவில் பெரிய ஸ்பூனை எடுத்துவிட்டு ஒரு குட்டி ஸ்பூன். ஒரு நேரத்தில் ஒரே வேலை, ஒரே பாத்திரம். வெங்காயம் உரிப்பது, கடலை உரிப்பது, மத்தால் கடைவது, அரிசியில் கல் பார்ப்பது, கல் இல்லாத அரிசியிலும் கல் பார்ப்பது. வீட்டை விட்டு ஒருமுறை தனியாக இறங்கி கோரிமேடு வரை போய்விட்டாள் என்பதால் செவ்வாய்ப்பேட்டையில் சொல்லி விரல் நக அளவில் ஒரு வெள்ளித் தகட்டில் என் போன் நம்பரை வெட்டவைத்தேன். தாலிக்கொடியில் ஊக்குகளோடு ஊக்காக அதுவும் தொங்குகிறது. என்ன என்று கேட்டவர்களிடம் "வேண்டுதல்" என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

காலை நடை அரை மணி நேரம், ஏரிக்கரையில். தண்ணீருக்குள் மண்திட்டு போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள், அதில் வந்து உட்காருகிற கொக்கைத் தினமும் எண்ணுவாள். தினமும் வேறு எண் வரும். நான் திருத்துவதில்லை.

போன பங்குனிக் கடைசியில் அவள் அண்ணன் வீட்டுக்கு ஏற்காடு போனோம். மச்சானுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காபிச் செடி இருக்கிறது. அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும், "ஒண்ணு" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் அந்தத் தடத்தில் ஓடிய காலத்தில் லீவு நாளில் மகளை மடியில் வைத்துக்கொண்டு என் பஸ்ஸில் வருவாள், குழந்தை வாந்தி எடுக்காமல் இருக்க வளைவை எண்ணவைப்பாள். அந்த எண்ணிக்கை உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. பதினான்குவரை சரியாக வந்தது, பிறகு மறுபடி பன்னிரண்டு என்றாள், அதற்குப் பிறகு எண்ணவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்ததால் தோட்டம் முழுக்கக் காபிப் பூ, கிளையே தெரியாமல் வெள்ளை வெளேரென்று. மல்லிகை மாதிரி வாசனை தலையைச் சுற்றியது எனக்கு. அவள் ஒரு கொத்தைப் பிடித்து மூக்கருகே வைத்தாள், ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "நல்லா இருக்குதுங்களா?" என்று என்னைக் கேட்டாள். "நல்லா இருக்கும்மா" என்றேன்.

அங்கிருந்து மச்சான் அரைத்துக் கொடுத்த ராகி மாவு மூன்று கிலோ வந்தது. சர்க்கரைக்கு ராகி நல்லது என்று சொல்லிக்கொண்டு உருண்டை உருண்டையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: களியும் மாவுதான், சர்க்கரை ஏறும், அளவுதான் பேச்சு. ஒரு சின்ன உருண்டைக்கு இரண்டு பங்கு கீரைக் கடைசல், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை களி. உலை கொதித்து நொய்யரிசி வெந்ததும் மாவைக் குவித்துக் கொட்டினேன், துடுப்பால் நடுவில் ஒரு குழி போட்டேன், இரண்டு நிமிஷத்தில் கிண்டப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து துடுப்பைப் பிடித்தது. "இருங்க. மாவு வேகலை." எப்படித் தெரியும் என்று கேட்டேன். குழியைக் காட்டினாள். தண்ணீர் அதில் பொத்துப் பொத்தென்று மேலே வர வேண்டுமாம், இன்னும் வரவில்லையாம். காத்திருந்தோம். வந்தது. பானையை நான் துணி போட்டுப் பிடித்துக்கொள்ள, அவள் இரண்டு கையாலும் துடுப்பை அழுத்திக் கிண்டினாள், 66 வயசில் அந்தத் தோளில் அவ்வளவு பலம் இருப்பதை நான் மறந்துபோயிருந்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. "இறக்குங்க" என்றாள். இறக்கினேன்.

ஈரத் தட்டில் உருட்ட ஆரம்பித்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, மூன்றாவது ஒன்று, நான்காவதும் ஒன்று.

"யாருக்கும்மா இது?"

"பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்துருவாள்ல. அத்தைக்கு ஒண்ணு."

பாப்பாவுக்கு 38 வயசு. எங்கம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு உருண்டையையும் ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினேன். "ஆறிடப் போகுது, துணி போட்டு மூடுங்க" என்றாள். துணி எடுத்து வந்தேன்.